நடைவண்டிக்கு எதைப் பூசுவது

பெயிண்ட் கடை மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு "மரத்துக்கு அடிக்கறது, சீக்கிரம் காயறதா ஏதாவது குடுங்க" என்று நான் கேட்டது போன ஐப்பசியில். அந்தக் கேள்வியே தப்பு என்று மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. அப்படியென்றால் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் இத்தனை மாதமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மரவேலை எனக்குத் தொழில் இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு சின்ன இடம், நாலைந்து உளி, ஒரு இழைப்புளி, ஒரு டிரில், அவ்வளவுதான். முக்காலி, சாமி மாடம், அஞ்சறைப் பெட்டி என்று கைக்கு அடங்குகிற சாமான்களைச் செய்வேன். அறுத்து, இழைத்து, பொருத்தும்வரை எனக்கு அவசரமே வராது, ஒரு துளையை நாள் முழுக்க உட்கார்ந்து குடைவேன். பூச்சு என்று வந்துவிட்டால் மட்டும் எங்கிருந்தோ ஒரு பரபரப்பு வந்துவிடும், இன்று ராத்திரிக்குள் முடித்து நாளைக் காலையில் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று.

இந்த முறை செய்தது நடைவண்டி. அக்கா பேரனுக்கு முதல் பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி முதலியார்பேட்டையில். பாட்டுப் பாடி விளக்கு எரிகிற பிளாஸ்டிக் வண்டி கடையில் கிடைக்கிறதுதான். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் மூன்று சக்கர மர வண்டியைத் தள்ளி நடந்தவர்கள், அந்த வரிசை இவனோடு அறுந்துவிடக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். மரமும் இருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பாட்டி தோட்டத்தில் விழுந்த பலா. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் எத்தனை பலா, எத்தனை முந்திரி போயிற்று என்று கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுத்த பலகைகள் அத்தனை வருஷமும் பரண்மேல் கிடந்து நன்றாக உலர்ந்திருந்தன. பலாவை இழைக்கும்போது பச்சை மஞ்சளை நறுக்கினது மாதிரி ஒரு நிறம் வரும், வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகும், அப்புறம் மெல்லப் பழுப்பாகும். அதை எனாமல் பெயிண்டுக்கு அடியில் புதைக்க மனசு வராது. நிறமும் ரேகையும் தெரிய வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் காய வேண்டும். வண்டியைப் பொருத்தி முடித்தது வியாழன் மதியம். வெளியே மூன்று நாளாக நசநசவென்று மழை.

பத்து நிமிஷத்தில் காய்ந்தது

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டதற்குத்தான் அவர் பதில் சொன்னார். சாதா வார்னிஷ் என்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ராத்திரி விட வேண்டும், மெலமைன் என்றால் இரண்டு டப்பாவைக் கலக்க வேண்டும், பி.யு. என்கிற பாலியூரித்தேன் என்றால் ஸ்ப்ரே வேண்டும், "என்.சி. லாக்கர் எடுத்துக்கங்க, பத்து நிமிஷம்" என்றார். அடிப்பூச்சுக்குச் சீலர் ஒரு டப்பா, மேல்பூச்சுக்கு லாக்கர் ஒரு டப்பா, கரைக்கத் தின்னர் ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தேன். அவர் சொன்னது நிஜம். பிரஷ்ஷை எடுத்து மறு முனைக்குப் போவதற்குள் முதல் முனை இறுகிவிடுகிறது. பலாவின் மஞ்சள் கண்ணாடிக்கு அடியில் வைத்தது மாதிரி எழும்பி நின்றது. இரண்டாவது கோட்டும் அடித்துவிட்டு, நாளைக்கு வேலையே இல்லை என்ற நிம்மதியில் கை கழுவப் போனேன். தின்னர் வாசனை வீடு முழுக்க ஏறியிருந்தது. அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். விளக்கேற்றும் நேரத்தில் அதைத் திறந்து வைத்ததே பெரிய தப்பு. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

திரும்பி வந்து பார்த்தால் வண்டியின் மேல்பாகம் முழுக்க வெள்ளை. கைப்பிடியில் அதிகம், சக்கரத்தில் திட்டுத் திட்டாக. நீராகாரத்தைக் கொட்டி விட்டாற்போல ஒரு மங்கல். துணியால் துடைத்தேன், போகவில்லை. அடிப்பூச்சில் தூசி இருந்ததோ, தின்னர் மட்டமோ என்று ஏதேதோ நினைத்துக்கொண்டு இன்னொரு கோட் அடித்தேன், அது இன்னும் வெள்ளையாகப் போயிற்று. எட்டு மணிக்கு அக்கா போன் பண்ணினாள். "என்னடா, வண்டி ரெடியா?" என்றாள். ரெடி அக்கா, காய்ந்துகொண்டிருக்கிறது என்றேன். அது பொய்யில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டது. வண்டியைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டிப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஆசாரியிடம் போனேன். எழுபது தாண்டியவர், இப்போது பெரிய வேலை எதுவும் எடுப்பதில்லை, பழைய கட்டில், ஊஞ்சல் பலகை என்று பழுது பார்க்க வருவதைச் செய்கிறார். நான் வெள்ளையைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. வண்டியைத் தலைகீழாகத் திருப்பி அச்சைப் பார்த்தார், சக்கரத்தை ஒரு சுற்று விட்டார், விளிம்பில் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் கைப்பிடியை மூக்குக்குக் கிட்டே கொண்டு போனார்.

"எப்ப அடிச்ச தம்பி?"

"நேத்து சாயங்காலம் ஐயா. நல்லாக் காஞ்சிடுச்சு, கையில ஒட்டலை."

"ஒட்டலை, சரி. மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். வாழைப்பழ எசன்ஸும் பெட்ரோலும் கலந்தது மாதிரி ஒரு வாசனை, லேசாகத்தான், ஆனால் இருந்தது.

"வாசனை வருதுன்னா இன்னா அர்த்தம்? உள்ள இருக்கறது இன்னும் வெளிய போயிக்கிட்டே இருக்குது. புள்ளைக்குப் பல்லு முளைக்கற நேரம். மொதல்ல கடிக்கறது கைப்பிடியைத்தான்."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, பாடம் நடத்துகிற மாதிரியும் சொல்லவில்லை. அச்சில் ஒரு நூல் இடைவெளி அதிகம் என்று சொல்கிற அதே குரல். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. நான்கு வாரம் அந்தக் கைப்பிடியை உருட்டி உருட்டி, 120இல் ஆரம்பித்து 320ஆம் நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்து, குழந்தையின் உள்ளங்கை எவ்வளவு அகலம் இருக்கும் என்று அக்காவிடம் போனில் அளவு கேட்டவன் நான். கையை யோசித்தேன், வாயை யோசிக்கவே இல்லை. ஒரு வயதுக் குழந்தைக்கு எல்லாப் பொருளும் முதலில் வாய்க்குத்தான் போகும் என்பது தெரியாத விஷயமா? தெரியும். கடை மேசைமுன் நின்றபோது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

காய்வது என்றால் என்ன

அன்றைக்கு அவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டதையும், அதற்கப்புறம் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மரப்பூச்சுகள் எல்லாவற்றுக்கும் "காய்ந்தது" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே நடப்பது ஒன்றல்ல. ஒரு வகையில், கரைத்து வைத்த திரவம் பறந்து போகிறது, கரைந்திருந்த பொருள் மரத்தின்மேல் தங்குகிறது. லாக்கர் இப்படி, அரக்குப் பாலிஷும் இப்படி. இன்னொரு வகையில் பூசினது காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தானே வேறு பொருளாக மாறி இறுகுகிறது. ஆளி விதை எண்ணெயும் எண்ணெய் வார்னிஷும் இந்த வகை. கெட்டியாக்குகிற ஹார்ட்னரைக் கலக்கிற மெலமைனும் பி.யு.வும் டப்பாவில் கலந்த நிமிஷத்திலிருந்து தங்களுக்குள்ளேயே பிணைந்து கெட்டியாகின்றன. முதல் வகைக்கு வேண்டியது பறந்து போக வழி. இரண்டாவது வகைக்கு வேண்டியது நாள். அதை அவசரப்படுத்தி ஒன்றும் ஆகாது.

எனக்கு இதில் பழைய அனுபவம் ஒன்று உண்டு. சில வருஷம் முன்னால் ஈட்டி மரத் துண்டு ஒன்று கிடைத்து, சின்ன நகைப்பெட்டி செய்து, ஆளி விதை எண்ணெய் தேய்த்தேன். இரண்டு வாரம் கழித்தும் பிசுபிசுவென்று விரல் ரேகை பதிந்தது. எண்ணெய் கலப்படம் என்று முடிவு கட்டி மீதியைக் கொட்டிவிட்டேன். காரணம் எண்ணெயே இல்லை. ஈட்டி மாதிரியான மரங்களில் இயற்கையாகவே இருக்கும் சில பொருட்கள் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்வதைத் தடுத்துவிடும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டிருந்தேன் என்பது அதைவிட மோசம். ஆக்சிஜனோடு சேரும்போது சூடு கிளம்பும், சுருட்டின துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். எண்ணெய் தேய்க்கிறவர்கள் துணியை விரித்துக் கொடியில் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வெள்ளை பூத்ததற்கு வருகிறேன். "பூத்துப்போச்சு" என்றுதான் ஆசாரி சொன்னார். தின்னர் வேகமாகப் பறக்கும்போது கூடவே சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கையில் ஸ்பிரிட் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, அதேதான். மரத்தின் மேற்பரப்பு சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. ஐப்பசி மழையில், கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ஊரில், சாயங்காலக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வேர்க்கிற மாதிரி அந்த ஈரம் பூச்சின்மேல் படிந்து, இறுகாத படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் வெள்ளை. எவ்வளவு வேகமாகக் காய்கிறதோ அவ்வளவு குளிரும், அவ்வளவு பூக்கும். நான் காசு கொடுத்து வாங்கின வேகமே அன்றைக்கு எனக்கு எதிரியாகிவிட்டது. மெதுவாகப் பறக்கிற ரிட்டார்டர் கலந்தால் இது குறையும், பெயிண்ட் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அதைக் கலந்தால் வாசனை இன்னும் அதிக நாள் தங்கும். குழந்தை சாமானுக்கு அது வழியில்லை.

அரக்கு

"அரக்கு போடு தம்பி, மத்தியானத்துல போடு" என்றார். இவ்வளவுதான் அவருடைய முழு ஆலோசனை.

அரக்கு என்றால் நமக்கு என்னவெல்லாம் ஞாபகம் வருகிறது. பாண்டவர்களை வைத்துக் கொளுத்தப் பார்த்த அரக்கு மாளிகை. பதிவுத் தபாலில் உருக்கி வைத்த முத்திரை. கூடான நகைக்குள் தட்டான் ஊற்றுவது, கத்திப் பிடிக்குள் உருக்கி விடுவது. அம்மாவின் அரக்குக் கலர் பட்டுப்புடவை, அந்த நிறத்துக்குப் பெயரே அரக்குப் பூச்சியின் சாயத்திலிருந்து வந்தது. இத்தனை தெரிந்தும் மரத்துக்குப் பூச என்று வரும்போது நான் அதை நினைக்கவே இல்லை. பிரெஞ்ச் பாலிஷ் என்று கேட்டால் ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் மாதிரித் தோன்றுகிறது, ஆனால் அதில் கரைந்திருப்பது ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்துக் காடுகளில் குசும், பலாசு, இலந்தை மரக் கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி கட்டுகிற கூடு. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும்மில் இதற்கென்றே 1924இல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருக்கிறார்கள். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேலே பளபளவென்று பூசுவதும் சுத்தம் செய்த இதே அரக்குதான். இதைப் படித்தபோதுதான் ஆசாரி ஏன் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார் என்று புரிந்தது.

அரக்கைக் கரைக்கிற ஸ்பிரிட், அதாவது குடிக்கக் கூடாத எரிசாராயம், வேறு கதை. முன்பெல்லாம் பாட்டில் கொண்டுபோனால் ஊற்றிக் கொடுப்பார்கள். எங்களுக்கு வடக்கே மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதமும், மேற்கே கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் அத்தனை குடும்பங்கள் நாசமான பிறகு, நான் கேட்ட இரண்டு கடைகளிலும் சில்லறையாகக் கொடுக்க மாட்டேன் என்றார்கள். கொடுக்காததுதான் சரி. ஆசாரி தன்னிடம் கரைத்து வைத்திருந்ததிலிருந்தே அரை பாட்டில் ஊற்றிக் கொடுத்தார், கண்ணாடி பாட்டிலில். தகர டப்பாவில் வைத்தால் இரும்பு பட்டு அரக்கு கறுத்துவிடும் என்றார். பொதுப்பணித் துறைக் கணக்கில் லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 140 கிராம் அரக்குச் செதில் என்று ஒரு அளவு உண்டு, அவர் அளவு எதுவும் சொல்லவில்லை, கண் பார்த்துத்தான் கரைக்கிறார். தோராயமாக அதே பதம்தான் இருந்தது, சுக்குத் தண்ணீர் நிறத்தில்.

வீட்டுக்கு வந்து லாக்கரை எடுப்பதுதான் பெரிய வேலை. தின்னரில் நனைத்துத் துடைத்து, மூலையெல்லாம் உப்புத்தாள் போட்டு, வெற்று மரத்துக்குக் கொண்டுவர வெள்ளிக்கிழமை பொழுது போய்விட்டது. அன்றைக்கே பூச ஆசை. மணி நாலு, வானம் மூடிக்கொண்டு வந்தது. விட்டுவிட்டேன். அது எனக்குச் சுலபமாக இல்லை, நாற்பது மணி நேரத்தில் விருந்து. ராத்திரி மழைக்கு அப்புறம் சனிக்கிழமை வெயில் அடிக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்? ஆனால் ஸ்பிரிட்டும் ஈரத்தை இழுக்கும், அரக்கும் பூக்கும். மறுபடி அதே இடத்துக்கு வர எனக்கு விருப்பமில்லை.

சனிக்கிழமை பத்தரைக்கு வெளிறின வெயில் வந்தது. வண்டியை வெயிலில் வைக்காமல் வாசல் நிழலில், காற்று வருகிற இடத்தில் வைத்தேன். வெயிலில் வைத்தால் மரத்துளைகளில் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் கொப்புளம் கிளப்பும். பஞ்சை வெள்ளைத் துணியில் முடிந்து, அரக்கில் தொட்டு, பிழிந்து, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். போன இடத்துக்கு உடனே திரும்பிப் போகக் கூடாது, புதுக் கோட்டில் இருக்கும் ஸ்பிரிட் பழைய கோட்டைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும், நின்று தேய்த்தால் கிழித்துவிடும். முதல் கோட் ஐந்து நிமிஷத்தில் கையில் ஒட்டவில்லை. முக்கால் மணி நேரம் விட்டு அடுத்தது. இரண்டாவதுக்கு அப்புறம் எழும்பின மர இழையை 320ஆல் லேசாக ஒரு தடவு. மூன்று மணிக்குள் ஐந்து கோட், எல்லாம் மெல்லிசு. பலா மஞ்சள் நிறமே கொஞ்சம் சூடேறினது மாதிரி ஆயிற்று, லாக்கரில் வந்த கண்ணாடி மினுக்கு இல்லை, நல்லெண்ணெய் தடவின சருமம் மாதிரி ஒரு பளபளப்பு. ராத்திரி பத்து மணிக்கு மோந்து பார்த்தேன், லேசாக ஸ்பிரிட். காலை ஐந்தரைக்கு எழுந்து விளக்குக்கூடப் போடாமல் போய் மோந்து பார்த்தேன். மரவாசனை மட்டும்தான். நகத்தால் அடியில் ஒரு இடத்தில் அழுத்தினேன், தடம் விழவில்லை.

அரக்கை எல்லாவற்றுக்கும் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சூடான காபி டம்ளர் வைக்கிற மேசைக்குப் போட்டால் வட்டம் விழும், தண்ணீர் தேங்கினால் வெளுக்கும், சானிடைசர் பட்டால் கரையும், சோப்புத் தண்ணீர் ஆகாது. வாசல் கதவுக்கும் திண்ணை ஊஞ்சலுக்கும் வார்னிஷ் போட்டு நாலு நாள் பொறுத்திருப்பதுதான் வழி. மெலமைன் வேண்டுமென்றால் வேறு வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள், இறுகுகிற வரைக்கும் அதிலிருந்து ஃபார்மால்டிஹைட் என்கிற கெடுதலான வாயு வரும். பி.யு.வை முறையான முகமூடி இல்லாமல் ஸ்ப்ரே பண்ணவே வேண்டாம், அதன் ஹார்ட்னர் நுரையீரலுக்குக் கெடுதல். ஆனால் கைக்கு அடங்குகிற சாமான், வீட்டுக்குள் இருப்பது, சீக்கிரம் வேண்டும் என்றால் நம் கடற்கரை ஊர்களில் அரக்கைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. கரைத்த தேதியை மட்டும் பாட்டிலில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் போனால் அதைப் பூசினாலும் சரியாக இறுகாது. சந்தேகமாக இருந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம்.

கடையில் இப்போது வேறு மாதிரிக் கேட்கிறேன். எவ்வளவு நேரத்தில் காயும் என்று கேட்பதில்லை, காயும்போது இதிலிருந்து என்ன போகும், போன பிறகு என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்கிறேன். பெரும்பாலும் கடைக்காரருக்குத் தெரிவதில்லை, டப்பாவைத் திருப்பிப் படிக்கிறோம், இரண்டு பேரும்.

பேரன் முதல் நாள் வண்டியைத் தள்ளவே இல்லை. கீழே உட்கார்ந்து கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நடுவில், ஆசாரி சொன்ன அதே இடத்தில் வாயை வைத்தான். தை மாதம் அக்கா போன் பண்ணி, எச்சில் பட்டுப் பட்டு அந்த இடம் வெளுத்திருக்கிறது என்றாள். ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு அரக்குப் பாட்டிலோடும் ஒரு பஞ்சு முடிச்சோடும் முதலியார்பேட்டைக்குப் போனேன். உரிக்கவில்லை, தேய்க்கவில்லை, வெளுத்த இடத்தின்மேல் இரண்டு இழுப்பு. பழையதோடு கலந்து வெள்ளை போய்விட்டது. வண்டியை அவன் கைக்கு எட்டாமல் அலமாரிக்கு மேலே வைத்து, நாளைக்குக் காலையில் மோந்து பார்த்துவிட்டு இறக்கு அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.